பழைய ராஸா சாட்பாட்டை கோபைலட் ஸ்டூடியோவில் ஸ்கில்லாக இணைத்த அனுபவம்

அலுவலகத்துக்குள் ஐடி உதவிக்கென்று ஒரு சாட்பாட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, ராஸா என்ற ஓப்பன் சோர்ஸ் சாட்பாட் கருவியில் எழுதியது. பாஸ்வேர்டு ரீசெட், டிக்கெட் திறப்பது, திறந்த டிக்கெட் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது, இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்யும். வேறு எதையாவது கேட்டால் திருதிருவென்று விழிக்கும். இதற்கிடையில் விடுப்பு, காப்பீடு, பயணப்படி பற்றிய கேள்விகளுக்காக மனிதவளக் குழு மைக்ரோசாஃப்டின் கோபைலட் ஸ்டூடியோவில் தனியாக ஒரு உதவியாளரைக் கட்ட ஆரம்பித்தது. 2023 நவம்பர் வரை பவர் வர்ச்சுவல் ஏஜென்ட்ஸ் என்ற பெயரில் இருந்த அதே தளம்தான். லோ-கோட், அதாவது கோட் அதிகம் எழுதாமலே கட்டும் தளம் என்பதால் அவர்களே டாபிக்கை (ஒரு விஷயத்துக்கான உரையாடல் பகுதி) திறந்து பதிலை மாற்றிக்கொள்ளலாம், ஒரு வரியைத் திருத்த எங்கள் வரிசையில் வந்து நிற்க வேண்டியதில்லை. நல்ல விஷயம். ஆனால் ஒரே ஆபீஸில் இரண்டு சாட்பாட் என்றால் எதை எங்கே கேட்பது என்று யோசிக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. நேராக போனை எடுத்து ஹெல்ப்டெஸ்க்கைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் முகப்பில் புதியது, அதன் பின்னால் பழையது என்று முடிவானது.

பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிய தளத்திலேயே எழுதிவிடலாமே என்ற பேச்சும் வந்தது. டிக்கெட் ஃபார்மில் இருக்கும் சரிபார்ப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சாதன எண் சரியான அமைப்பில் இருக்கிறதா, அதே சாதனத்துக்கு ஏற்கெனவே திறந்த டிக்கெட் உண்டா, பிரச்சினை நெட்வொர்க் வகை என்றால் இன்னும் இரண்டு கேள்வி. எல்லாம் ராஸா கூப்பிட்டு ஓட்டும் பைத்தான் ஆக்‌ஷன்களாக, டெஸ்ட்டோடு இருக்கிறது. அதை கோபைலட் ஸ்டூடியோவின் வரைபலகையான கேன்வாஸில் பெட்டி பெட்டியாக இழுத்துப் போட்டு மறுபடி கட்டினால் கிடைப்பது அதே வேலைதான், டெஸ்ட் மட்டும் இருக்காது.

சரி, எப்படி இணைப்பது? எளிய வழி, டாபிக்குக்குள் எச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடு (வெளி முகவரி ஒன்றை அழைக்கும் பெட்டி) ஒன்றைப் போட்டு ராஸாவைக் கூப்பிடுவது. ஒரு கேள்வி, ஒரு பதில் என்றால் அதுவே போதும், டிக்கெட் நிலையைக் கேட்பதற்கு அதைத்தான் இப்போதும் பயன்படுத்துகிறோம். ஆனால் ராஸா திருப்பிக் கேள்வி கேட்கும்போது, கேள்வி நோடு, ரிக்வெஸ்ட், பதிலைக் காட்டு, முடிந்ததா என்று பார், மறுபடி கேள்வி நோடு என்று ஒரு சுற்றை நாமே கட்டவேண்டி வருகிறது, பட்டன்கள் வந்தால் அந்தச் சுற்று இன்னும் அசிங்கமாகிறது. நீண்ட உரையாடலுக்கு ஸ்கில்தான் சரி. ஸ்கில் என்பது மைக்ரோசாஃப்டின் பழைய சாட்பாட் கருவித்தொகுப்பான பாட் ஃப்ரேம்வொர்க் காலத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு: ஒரு சாட்பாட் இன்னொன்றிடம் உரையாடலை முழுசாக ஒப்படைக்கும், வேலை முடிந்ததும் அது திருப்பிக் கொடுக்கும். மேடையில் மைக்கைக் கைமாற்றுவது மாதிரி. நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்த மைக் எந்த நேரத்தில் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியதுதான், இணைப்பு வேலை அதில் சின்னப் பங்கு.

ராஸாவிலேயே பாட் ஃப்ரேம்வொர்க் சேனல் ஒன்று இருக்கிறதே, அதை நேராக மாட்டினால் என்ன என்று கேட்கலாம். அது டீம்ஸ் போன்ற இடங்களில் சாட்பாட் நேரடியாகப் பேசுவதற்காக எழுதப்பட்டது. பாட் ஃப்ரேம்வொர்க்கில் போய்வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் ஆக்டிவிட்டி என்று பெயர்; இந்தச் சேனல் மெசேஜ் வகை ஆக்டிவிட்டியை மட்டும் அனுப்பும். ‘என் வேலை முடிந்தது’ என்று சொல்லும் எண்ட் ஆஃப் கான்வர்சேஷன் ஆக்டிவிட்டியை அனுப்பாது. அது இல்லாமல் ஸ்கில் இல்லை. அதனால் நடுவில் நோட் ஜேஎஸ்ஸில் ஒரு சின்ன பாலம் எழுதினோம். ஒரு பக்கம் பாட் ஃப்ரேம்வொர்க் மொழி, மறுபக்கம் ராஸாவின் ரெஸ்ட் சேனல்.

ரெஸ்ட் சேனல் மிக எளிது. கிரெடென்ஷியல்ஸ் கோப்பில் அதை இயக்கிவிட்டால் 5005 போர்ட்டில் ஒரு வெப்ஹூக் (மெசேஜை வாங்கும் முகவரி) கிடைக்கும். அனுப்புபவர் அடையாளம், மெசேஜ் என்று இரண்டே புலங்கள் உள்ள ஜேசன் வடிவத் தகவலை அனுப்பினால், பதில் ஒரு வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் வாசகமோ பட்டன்களோ படமோ இருக்கும். பாலத்தைத் தொடுவதற்கு முன்னால் இதை கட்டளை வரியில் ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்லில் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது, பின்னால் எது எங்கே உடைகிறது என்று தேடும்போது ஒரு பக்கமாவது சந்தேகமில்லாமல் இருக்கும். இன்னொன்று, இந்த வெப்ஹூக்குக்கு முன்னால் காவல் எதுவும் கிடையாது. யூஆர்எல் தெரிந்தவர் யாரும் யார் பெயரிலும் பேசலாம். எனவே ராஸா உள் நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும், வெளியே தெரிவது பாலம் மட்டும்.

அடுத்தது மேனிஃபெஸ்ட். இந்த ஸ்கில் யார், எந்த முகவரியில் இருக்கிறது, என்னென்ன செய்யும், என்ன கொடுத்தால் என்ன திருப்பித் தரும் என்று சொல்லும் ஜேசன் கோப்பு. எச்டிடிபிஎஸ் முகவரியில் யாரும் எடுத்துப் படிக்கும்படி வைத்து, அந்த யூஆர்எல்லை கோபைலட் ஸ்டூடியோவில் கொடுத்தால் அது இறக்கிச் சரிபார்க்கும். சரிபார்ப்பு கறார். மேனிஃபெஸ்டில் இருக்கும் ஆப் ஐடி அதே டெனன்ட்டில், அதாவது அதே நிறுவனக் கணக்கில், பதிவாகியிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ரா ஐடியில் அந்த ஆப் பதிவுக்குள், பிராண்டிங் பக்கத்தில் ஹோம் பேஜ் யூஆர்எல் என்று ஒரு பெட்டி இருக்கிறது பாருங்கள், பொதுவாக யாரும் அதைத் தொடுவதே இல்லை. அதன் டொமைனோ ஆப்பின் பப்ளிஷர் டொமைனோ ஸ்கில் எண்ட்பாயிண்ட்டின் (அழைப்புகள் வரும் முகவரியின்) டொமைனோடு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ட்பாயிண்ட் பொருந்தவில்லை என்று நிராகரிக்கும். டெவலப்மென்ட் சமயத்தில் டனல் (சொந்தக் கணினியை வெளியிலிருந்து எட்டவைக்கும் தற்காலிக வழி) போட்டுச் சோதிப்பவர்கள் கவனிக்க: டனல் முகவரி மாறும் ஒவ்வொரு முறையும் மேனிஃபெஸ்ட், இந்தப் பெட்டி இரண்டையும் மாற்ற வேண்டும். நிலையான பெயர் தரும் டனலை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். அப்புறம், மேனிஃபெஸ்டில் புதிதாக ஏதாவது சேர்த்தால் அது தானாக அங்கே போய்ச் சேராது, தளத்திலும் ஸ்கில்லைப் புதுப்பிக்க வேண்டும்.

மறுபக்கமும் ஒரு பூட்டு உண்டு. பாலம் வந்தவர் எல்லோருக்கும் கதவைத் திறக்கக் கூடாது, அழைக்க அனுமதி உள்ளவர்களின் ஆப் ஐடி பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும். உதாரணக் கோட்களில் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு எல்லோரையும் உள்ளே விட்டிருப்பார்கள், அதை அப்படியே புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோகாதீர்கள். உதவியாளரின் ஐடியைப் பட்டியலில் போட்டுவிட்டுத்தான் ஸ்கில்லைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் சேர்க்கும்போதே நின்றுவிடும். நிறுவனத்தின் பவர் பிளாட்ஃபார்ம் டேட்டா பாலிசியில் ஸ்கில்கள் தடுக்கப்பட்டிருந்தாலும் வேலைக்கு ஆகாது. அதை அட்மினிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், கோட் எழுதி முடித்தபின் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

மேனிஃபெஸ்டில் மெசேஜ் ஆக்டிவிட்டி மட்டும் அறிவித்தால், பயனர் தட்டியது அப்படியே ஸ்கில்லுக்குப் போகும். ஈவென்ட் ஆக்டிவிட்டி அறிவித்தால் உள்ளீடு, வெளியீடு இரண்டுக்கும் வடிவம் சொல்லலாம், கேன்வாஸில் ஸ்கில் நோடில் அவை நிரப்பும் பெட்டிகளாகத் தெரியும். நாங்கள் டிக்கெட் திறப்பதற்கு ஈவென்ட்டை எடுத்தோம். உள்ளே ஊழியர் எண், பிரச்சினையின் ஒருவரி விவரம். வெளியே டிக்கெட் எண், முடிந்த விதம். உள்நுழைந்த பயனரின் விவரம் உதவியாளருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், பழைய சாட்பாட் முதலில் கேட்கும் ‘உங்கள் ஊழியர் எண் என்ன’ என்ற கேள்வியே போய்விட்டது. பயனர்கள் கவனித்த ஒரே முன்னேற்றம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஈவென்ட்டை ராஸாவுக்கு எப்படிச் சொல்வது? ராஸாவில் ஒரு குறுக்குவழி உண்டு. சாய்கோட்டில் ஆரம்பித்து இன்டென்ட் (பயனரின் நோக்கம்) பெயரை எழுதி, ஒட்டினாற்போல் நெளிவு அடைப்புக்குறிக்குள் என்டிட்டிகளை (எண், பெயர் போன்ற விவரங்கள்) ஜேசனாகக் கொடுத்தால், மொழி மாடலைத் தாண்டி நேராக அந்த இன்டென்டாகவே எடுத்துக்கொள்ளும். ஈவென்ட் வந்ததும் பாலம் இப்படி ஒரு வரியைத் தயாரித்து அனுப்புகிறது, ஃபார்ம் உடனே தொடங்கிவிடுகிறது.

இதே குறுக்குவழியில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. சாய்கோடு போட்டுத் தட்டுவது பயனருக்கும் சாத்தியம்தானே. விவரம் தெரிந்த ஒருவர் சாட்டில் அதே வரியை வேறொருவரின் ஊழியர் எண்ணோடு தட்டினால், அவர் பெயரில் டிக்கெட் திறந்துவிடும். பழைய சாட்பாட்டில் ஊழியர் எண் பயனர் சொல்லும் தகவலாக இருந்தது, அதைச் சரிபார்க்கும் ஆக்‌ஷன் இருந்தது. இப்போது நம்பகமான தகவலாக உள்ளே வருவதால் அந்தச் சரிபார்ப்பு கிடையாது. எனவே பயனர் வாசகத்தின் தொடக்கத்தில் சாய்கோடு இருந்தால் பாலம் அதை நீக்கிவிட்டே அனுப்புகிறது.

ஆனால் பட்டன்கள்? ராஸா பட்டனின் பேலோடும் (அழுத்தினால் உள்ளே போகும் வரி) சாய்கோட்டில் ஆரம்பிப்பதுதானே. பேலோடை வெளியே அனுப்பி, பயனர் அழுத்தும்போது திரும்ப வாங்கினால், அதையும் நம் வடிகட்டி வெட்டிவிடும். அதனால் பேலோடை வெளியே அனுப்பவே இல்லை. பட்டனில் தெரியும் எழுத்து மட்டும் சஜஸ்டட் ஆக்‌ஷனாகப் போகிறது. எந்த எழுத்துக்கு எந்த பேலோடு என்ற பட்டியலைப் பாலம் அந்த உரையாடலின் ஐடியோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. ‘ஆமாம், திறக்கவும்’ என்று பயனர் அழுத்தினாலும் கையால் தட்டினாலும் பட்டியலில் பார்த்து உரிய பேலோடு ராஸாவுக்குப் போகும். இதில் ஒரு உபரி லாபம், சேனலுக்குச் சேனல் பட்டன்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற கவலை குறைந்தது. பொருத்திப் பார்க்கும் முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தமிழில் ‘கொ’ என்பதை ஒரே துணைக்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஒப்பிட்டால் வேறு.

முடிவைச் சொல்வது எப்படி என்பதற்குத்தான் அதிகம் யோசித்தோம். ஸ்கில்லிடம் மைக் இருக்கும்வரை பயனர் தட்டும் ஒவ்வொன்றும் நேராக ஸ்கில்லுக்குத்தான் வரும். டிக்கெட் திறந்து முடித்தவர் அடுத்து ‘எனக்கு எத்தனை நாள் விடுப்பு பாக்கி’ என்று கேட்டால், விடுப்புக்கென்று அருமையான டாபிக் முகப்பில் காத்திருந்தாலும் கேள்வி அங்கே போகாது. ராஸாதான் ‘புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். ராஸாவுக்கோ முடிவு என்ற எண்ணமே கிடையாது. ஃபார்ம் முடிந்தால் அடுத்த மெசேஜுக்குக் காத்திருக்கும், அவ்வளவுதான். எனவே முடியும் இடத்தை ராஸா ஆக்‌ஷன்களே பாலத்துக்குச் சொல்ல வேண்டும். ஃபார்மைச் சமர்ப்பிக்கும் ஆக்‌ஷன் கடைசியில் வாசகத்தோடு சேர்த்து ஒரு ஜேசன் மெசேஜையும் அனுப்புகிறது, ரெஸ்ட் பதிலில் அது கஸ்டம் என்ற புலமாக வரும். அதில் ‘முடிந்தது’ என்ற குறியும் டிக்கெட் எண்ணும் இருக்கும். பாலம் அதைப் பயனருக்குக் காட்டாமல் எடுத்து, எண்ட் ஆஃப் கான்வர்சேஷனுக்குள் வைத்து அனுப்பிவிட்டு, ராஸாவுக்கு ரீஸ்டார்ட் கட்டளையும் கொடுத்துவிடுகிறது. அடுத்தமுறை பழைய ஸ்லாட் (ராஸா நினைவில் வைக்கும் விவரம்) மதிப்புகள் ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க அந்த ரீஸ்டார்ட் அவசியம்.

வெற்றியாக முடிவது ஒரு வகை. ‘வேண்டாம் விடு’ என்று பயனர் பாதியில் நிறுத்துவது இன்னொன்று, அதற்கு ஆக்டிவிட்டியின் கோட் புலத்தில் பயனர் ரத்து செய்தார் என்ற மதிப்பு தயாராகவே உண்டு. மூன்றாவது வகைதான் வம்பு: ஃபார்மின் நடுவில் பயனர் சம்பந்தமே இல்லாமல் வேறொன்றைக் கேட்பது. ஒருமுறை புரியவில்லை என்றால் ராஸா மறுபடி கேட்கும், இரண்டாவது முறையும் புரியாமல் ஃபால்பேக்குக்குப் போனால் ஆக்‌ஷன் ‘என்னால் ஆகாது’ என்ற குறியை அனுப்பும், பாலம் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். கடைசியாகப் பயனர் தட்டிய வாசகத்தையும் வெளியீட்டு மாறியில் சேர்த்து அனுப்புகிறோம், டாபிக்கில் அதைக் காட்டி ‘இதைத்தான் கேட்க வந்தீர்களா’ என்று முகப்பு கேட்கும். முதல் ஃபால்பேக்கிலேயே கொடுத்துவிடலாமே என்று மனிதவளக் குழு சொன்னது, எனக்கு உடன்பாடில்லை. சாதன எண்ணில் ஓர் எழுத்து தவறினதற்கெல்லாம் பாதி நிரப்பிய ஃபார்மைக் கலைத்துவிட்டால் அடுத்தமுறை அந்த மனிதர் இந்தப் பக்கமே வரமாட்டார்.

எதிர்த்திசையும் உண்டு. முகப்பு பக்கமிருந்தே உரையாடலை முடித்தால் ஸ்கில்லுக்கும் எண்ட் ஆஃப் கான்வர்சேஷன் வரலாம். அதற்கு பாலத்தில் ஒரு ஹேண்ட்லர் வைத்து, அங்கேயும் ராஸாவை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ராஸாவின் பதில் வரிசையில் மூன்று மெசேஜ் இருந்தால் ஒன்றை அனுப்பி, அது முடியும்வரை காத்திருந்து அடுத்ததை அனுப்ப வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டால் கேள்வி முதலிலும் விளக்கம் பின்னாலும் வந்து நிற்கும். ஆக்டிவிட்டி வாசகம் இயல்பாக மார்க்டவுன் என்று எடுத்துக்கொள்ளப்படும், எங்கள் டிக்கெட் எண்ணின் நடுவில் இரண்டு அடிக்கோடு உண்டு, அவை காணாமல் போய் நடுப்பகுதி மட்டும் சாய்வெழுத்தில் தெரிந்தது. பயனர் அதை நகலெடுத்துத் தேடினால் டிக்கெட்டே இல்லை என்று வரும். டெக்ஸ்ட் ஃபார்மேட்டை பிளெயின் என்று வைத்ததும் சரியாகிவிட்டது. ராஸாவின் வணக்கத்தை நீக்கினோம், ஏற்கெனவே வணக்கம் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று மறுபடி வணக்கம் சொன்னால் விசித்திரமாக இருக்கிறது.

நேரம்தான் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. அஜூர் பாட் சேவை வழியாக வரும் அழைப்புக்கு 15 வினாடிக்குள் பதில் போக வேண்டும், தாண்டினால் 504 பிழை. டிக்கெட் மென்பொருள் மெதுவாக இருக்கும் வேளையில் ராஸா ஆக்‌ஷன் அதற்கு அருகில் போய்விடும். அதனால் பாலம் முதலில் டைப்பிங் ஆக்டிவிட்டியை அனுப்பிவிட்டு, ராஸாவுக்கு 10 வினாடிதான் அவகாசம் தருகிறது; வராவிட்டால் ‘கொஞ்சம் நேரம் எடுக்கிறது, டிக்கெட் நிலையைப் பிறகு பாருங்கள்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. இந்த இடத்தில் மறுமுயற்சி மட்டும் போடாதீர்கள். காலாவதியானது நம் காத்திருப்புதான், ராஸா ஆக்‌ஷன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கலாம், அதே மெசேஜை மறுபடி அனுப்பினால் ஒரே பிரச்சினைக்கு இரண்டு டிக்கெட் திறக்கும். இதற்குச் சரியான தீர்வு உடனே பதில் சொல்லிவிட்டு, டிக்கெட் எண்ணைப் பிறகு தனி மெசேஜாக அனுப்புவது. செய்யவில்லை, ஏனென்றால் அதற்குள் மைக்கைத் திருப்பிக் கொடுத்திருப்போம், பேச்சு வேறெங்கோ போயிருக்கும்போது குறுக்கே வந்து எண் சொல்வது சரியா என்று இன்னும் முடிவாகவில்லை.

சோதிக்கும்போது லாக்கில் உரையாடல் ஐடி, ஆக்டிவிட்டி ஐடி இரண்டையும் எழுதுங்கள். ஸ்கில்லுக்கு வரும் உரையாடல் ஐடியும் பயனர் முகப்பில் பேசும் உரையாடலின் ஐடியும் வேறு வேறு, எனவே இரண்டு பக்க லாக்கையும் ஐடி வைத்து நேராகப் பொருத்த முடியாது. முகப்பு உரையாடலின் ஐடியை ஈவென்ட்டின் உள்ளீட்டில் ஒரு கூடுதல் புலமாகச் சேர்த்து அனுப்பினோம், தேடுவது எளிதானது. டெஸ்ட் பேனலில் எல்லாம் சரியாக ஓடினாலும், பப்ளிஷ் செய்யும்வரை பயனர்கள் பழைய பதிப்பைத்தான் பார்ப்பார்கள் என்பதையும் மனிதவளக் குழுவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

கடைசியாக, இப்போது புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: பாட் ஃப்ரேம்வொர்க் எஸ்டிகே-க்கான (கோட் எழுத உதவும் தொகுப்பு) ஆதரவு 2025 டிசம்பர் 31 வரைதான் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, அதன் இடத்தில் வந்திருப்பது மைக்ரோசாஃப்ட் 365 ஏஜென்ட்ஸ் எஸ்டிகே. ஆக்டிவிட்டி என்ற அடிப்படை அங்கேயும் அதேதான். எங்கள் பாலத்தில் பட்டன் பட்டியல், சாய்கோடு வடிகட்டி, முடிவுக் குறி மூன்றையும் எஸ்டிகே தெரியாத தனிக் கோப்புகளாக வைத்திருக்கிறோம், மாற்றும்போது ஆக்டிவிட்டியை வாங்கி அனுப்பும் பகுதியை மட்டும் மறுபடி எழுதினால் போதும். அந்த வேலைக்கான டிக்கெட்டை இந்த சாட்பாட் வழியாகவே திறந்து வைத்தாயிற்று.